தூக்கத்தை அளக்கிறோமா, மூட்டு இறுக்கத்தை அளக்கிறோமா?

முடக்குவாதம் உள்ள ஒரு பெண்மணி இரவு 10 மணிக்குப் படுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். காலை 5.30-க்கு விழிப்பு வந்து எழுந்துவிடுகிறார். நடுவில் விழித்திருந்த நேரம் போக, தூங்கியது ஆறரை மணி நேரம். படுக்கையில் இருந்தது ஏழரை மணி நேரம். ஏழரையில் ஆறரை என்றால் சுமார் 87 சதவீதம். தூக்க ஆய்வுகளில் உலகெங்கும் பயன்படும் பிட்ஸ்பர்க் கேள்வித்தாள் இதற்கு 0 மதிப்பெண் கொடுக்கும். அதாவது, குறை ஒன்றும் இல்லை.

இன்னொரு நாள். அதே 10 மணி, அதே 5.30 விழிப்பு, அதே ஆறரை மணி நேரத் தூக்கம். ஆனால் விரல்களும் முழங்கால்களும் இறுகிப்போய் எழ முடியவில்லை. விழித்தபடியே கிடந்து 7 மணிக்குத்தான் எழுகிறார். படுக்கையில் இருந்த நேரம் 9 மணி நேரமாகிவிட்டது, விகிதம் 72 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. இப்போது மதிப்பெண் 2. தூக்கம் ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை. மூட்டு இறுக்கம் தூக்கக் கணக்கில் ஏறிக்கொண்டது.

கேள்வித்தாளின் தமிழ் வடிவத்தில் இப்படி வந்தாலும் இதில் மொழிபெயர்ப்பாளரின் தவறு எதுவும் இல்லை. ஆங்கில மூலத்தைக் கொடுத்தாலும் இதே மதிப்பெண்தான் வரும். ஆனாலும் இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒரு கேள்வித்தாளைத் தமிழுக்குக் கொண்டுவருபவர்கள் பெரும்பாலும் சொற்களைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். அந்தச் சொற்கள் யாரிடம் கேட்கப்படுகின்றன என்பதும் அதே அளவு முக்கியம். 'சரிபார்க்கப்பட்ட கேள்வித்தாளைப் பயன்படுத்தினோம்' என்று ஆய்வுக் கட்டுரைகளில் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். எந்த மொழியில், எந்த நோயாளிகளிடம், எதற்காகச் சரிபார்த்தது என்று சொல்லாவிட்டால் அந்த வரிக்குப் பொருளே கிடையாது. இந்த வேலையில் முதன்முறை இறங்கும் முதுகலை மாணவர்கள், செவிலியர்கள், பிசியோதெரபிஸ்டுகள் ஆகியோரை மனதில் வைத்து, சரிபார்ப்பு என்றால் உண்மையில் என்ன நடக்கிறது என்று இங்கே விளக்குகிறேன்.

அழற்சி மூட்டுவாதம் என்பது நோய் எதிர்ப்பு மண்டலம் தடம் மாறி மூட்டுகளில் வீக்கத்தையும் வலியையும் உண்டாக்கும் நோய்களின் கூட்டம். ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்கிற முடக்குவாதம், சொரியாசிஸோடு சேர்ந்து வரும் மூட்டுவாதம், முதுகெலும்பைப் பிடிக்கும் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் மூன்றும் இதில் அடங்கும். வயதாகித் தேய்மானத்தால் வரும் முழங்கால் வலி வேறு.

இந்த நோய்கள் இரவோடு நெருங்கிய தொடர்புள்ளவை. முடக்குவாதத்தில் இன்டர்லூகின்-6 போன்ற அழற்சிப் பொருட்கள் பின்னிரவில் கூடுகின்றன. காலை இறுக்கத்துக்கு அது ஒரு முக்கியக் காரணம். ஸ்பாண்டிலைட்டிஸ் நோயாளி இரவின் இரண்டாம் பாதியில் முதுகுவலியால் விழித்து, எழுந்து நடந்தால் கொஞ்சம் தேவலை என்பார். சிகிச்சைக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டும் தூக்கத்தைக் கெடுக்கும். தூக்கம் கெட்டால் மறுநாள் வலி இன்னும் கூடுதலாகத் தெரியும். ஐரோப்பிய மூட்டுவாத அமைப்பான யூலார், முடக்குவாதம் ஒருவரின் வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கிறது என்பதை அளக்க 'ரெய்ட்' என்ற ஏழு அம்ச அளவையை உருவாக்கியபோது, தூக்கத்துக்கு அதில் 12 சதவீத எடை கொடுத்தது. வலிக்கு 21. நோயாளிகளையே கேட்டுத் தீர்மானித்த எடைகள் இவை. தூக்கம் அவர்களுக்குச் சின்ன விஷயம் இல்லை. ஆகவே அதைச் சரியாக அளப்பதும் சின்ன விஷயம் இல்லை.

பிட்ஸ்பர்க் கேள்வித்தாள்

1989-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் டேனியல் பைஸ் குழுவினர் வெளியிட்டது இது. மதிப்பெண்ணுக்குக் கணக்காகும் கேள்விகள் 19. கடந்த ஒரு மாத அனுபவத்தைக் கேட்கும். பதில்களை 7 பிரிவுகளாக்கி ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை போடுவார்கள். மொத்தம் 0 முதல் 21. கூடக்கூட மோசம். 5-ஐத் தாண்டினால் 'தூக்கத்தின் தரம் சரியில்லை'.

அந்த 5 எங்கிருந்து வந்தது? நன்றாகத் தூங்கும் ஆரோக்கியமானவர்கள் 52 பேர், மனச்சோர்வு நோயாளிகள் 54 பேர், தூக்கக் கோளாறுக்குச் சிகிச்சைக்கு வந்தவர்கள் 62 பேர் என்ற மூன்று குழுக்களை ஒப்பிட்டதில் வந்தது. மூட்டுவாத நோயாளிகள் என்று தனியாக ஒரு குழு அதில் இல்லை. இதை மறந்துவிட வேண்டாம்.

'தூக்கத் தொந்தரவு' என்ற பிரிவைப் பாருங்கள். சிறுநீர் கழிக்க எழுவது, மூச்சுவிடச் சிரமம், இருமல் அல்லது குறட்டை, குளிர், வெக்கை, கெட்ட கனவு, வலி என்று 9 காரணங்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3. கூட்டினால் 0 முதல் 27. கூட்டுத்தொகை 1 முதல் 9 வரை எதுவாக இருந்தாலும் அந்தப் பிரிவுக்குக் கிடைப்பது 1 மதிப்பெண்தான். வாரத்தில் மூன்று இரவோ அதற்கு மேலோ வலியால் மட்டும் விழிக்கிறவருக்குக் கூட்டுத்தொகை 3. மாதத்தில் ஒரே ஒரு இரவு பாத்ரூம் போக எழுந்தவருக்கு 1. இருவருக்கும் இறுதியில் அதே 1 மதிப்பெண். பலவகைத் தொந்தரவுகளைப் பரவலாகப் பிடிக்கச் செய்த ஏற்பாடு இது. ஒரே காரணத்தால் கடுமையாக அவதிப்படுகிறவரை இந்தப் பிரிவு சன்னமாகத்தான் காட்டும். அவருடைய கஷ்டம் மற்ற பிரிவுகளில் தெரியலாம், தெரியாமலும் போகலாம். உங்கள் நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

தமிழுக்குக் கொண்டுவருவது

முதல் வேலை அனுமதி. இந்தக் கேள்வித்தாளின் உரிமை பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்திடம் இருக்கிறது. கேட்கும்போதே உங்கள் மொழியில் ஏற்கெனவே வடிவம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் மொழிபெயர்ப்பு வேலை மிச்சம், நோயாளிகளிடம் சோதிக்கும் வேலை மட்டும் பாக்கி.

புதிதாகச் செய்வதானால் பலரும் பின்பற்றுவது, டார்கஸ் பீட்டன் குழுவினர் 2000-ல் வகுத்துக் கொடுத்த வழிமுறை. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட இருவர் தனித்தனியாக மொழிபெயர்க்கிறார்கள். ஒருவருக்கு இது எதை அளக்கும் கேள்வித்தாள் என்று தெரியும். மற்றவருக்குத் தெரியக்கூடாது, மருத்துவத் துறையைச் சேர்ந்தவராகவும் இருக்கக்கூடாது. சாதாரண மனிதர் எப்படிச் சொல்வார் என்பது இரண்டாமவரிடமிருந்துதான் வரும். இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கிய பிறகு, மூலத்தைப் பார்க்காத வேறு இருவர் அதைத் திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றுகிறார்கள். பிறகு மருத்துவர், மொழி அறிந்தவர், ஆய்வு முறை அறிந்தவர், மொழிபெயர்த்தவர்கள் எல்லோரும் உட்கார்ந்து வரிவரியாக முடிவு செய்கிறார்கள். கடைசியில் 30 முதல் 40 பேரிடம் கொடுத்து முன்சோதனை.

திரும்ப ஆங்கிலமாக்கும் படிக்கு மாணவர்கள் அளவுக்கு மீறிய மதிப்புக் கொடுக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம். ஓர் உதாரணம். 'கடந்த மாதம்' என்று எழுதினால் ஆங்கிலத்துக்குத் திரும்பும்போது அப்படியே அச்சுப் பிசகாமல் பொருந்தும். ஆனால் மே 20-ம் தேதி வெளிநோயாளிப் பிரிவில் உட்கார்ந்திருப்பவர் காதில் அது 'போன மாதம்', அதாவது ஏப்ரல் என்று விழலாம். 'இன்றைக்கு முந்தைய 30 நாட்களில்' என்றால் குழப்பம் இல்லை. அதே மாதிரி, 'வாரத்துக்கு மூன்று முறை அல்லது அதற்கு மேல்' என்ற விடை அவசரத்தில் 'மூன்று முறைக்கு மேல்' என்று சுருங்கிவிட்டால், சரியாக மூன்று இரவு விழிக்கிறவருக்குக் குறியிடக் கட்டமே இருக்காது.

ஊருக்கு ஊர் சொல் மாறுவதும் உண்டு. தமிழ்நாட்டில் தூக்கம், கன்னியாகுமரிப் பக்கம் உறக்கம், யாழ்ப்பாணத்தில் நித்திரை. அங்கே மாத்திரையைக் குளிசை என்பார்கள், வலியை நோ என்பார்கள். தமிழ்நாட்டு நோயாளிகளுக்கென எழுதிய வடிவத்தை இலங்கைக்கு எடுத்துப் போகிறவர்கள் முன்சோதனையை அங்கே மறுபடி செய்வதுதான் முறை.

சொல் மட்டும் இல்லை, வாழ்க்கையும் மாறும். முடக்குவாதக்காரர்களின் அன்றாடச் செயல்திறனை அளக்க 1980-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் உருவான ஹெச்.ஏ.க்யூ. கேள்வித்தாள், தொட்டியில் குளிக்க முடிகிறதா, இறைச்சியைக் கத்தியால் வெட்டிச் சாப்பிட முடிகிறதா என்றெல்லாம் கேட்கும். இந்திய ஆய்வாளர்கள் அதற்கு இந்திய வடிவம் செய்து 2002-ல் வெளியிட்டபோது குத்துக்காலிட்டு உட்காருவதைப் போன்ற நம் ஊர்ச் செயல்களைச் சேர்த்தார்கள். தூக்கக் கேள்வித்தாளிலும் இப்படிப்பட்ட இடங்கள் உண்டு. பகலில் வண்டி ஓட்டும்போதோ சாப்பிடும்போதோ நாலு பேரோடு பழகும்போதோ விழித்திருக்கச் சிரமப்பட்டீர்களா என்று ஒரு கேள்வி வருகிறது. வண்டியே ஓட்டாத ஒருவர் அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் 'இல்லை' என்று முடித்துவிடக்கூடும். கட்டிலில் உடன் படுப்பவரிடம் கேட்கும் பகுதி ஒன்று இருக்கிறது, மதிப்பெண்ணில் சேராது. குடும்பமே கூடத்தில் பாய் விரித்துப் படுக்கும் வீட்டில் அதை யாரிடம் கேட்பது என்று முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும்.

முன்சோதனையில் வெறுமனே விடைகளை வாங்கி வைத்துக்கொள்வது வீண். 'இந்தக் கேள்வியை உங்கள் வார்த்தையில் சொல்லுங்களேன்', 'இந்த விடையை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்?' என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். மூட்டுவாத நோயாளிகளிடம் இது மிகவும் தேவைப்படும் இடம் மாத்திரைக் கேள்வி. தூங்குவதற்கு உதவியாக மருந்து எடுத்துக்கொண்டீர்களா என்பதுதான் கேள்வி. ராத்திரி ஒரு வலி மாத்திரை போட்டால்தான் தூங்க முடிகிறது என்பவர் 'ஆமாம்' என்று சொல்வார். அவர் சொல்வது பொய்யும் இல்லை. ஆனால் ஒருவர் ஆமாம் என்றும், அதே நிலையில் உள்ள இன்னொருவர் இல்லை என்றும் சொன்னால் எண்ணுக்கு மதிப்பில்லை. வலி மாத்திரையைச் சேர்ப்பதா விடுவதா என்று கேள்வித்தாளை உருவாக்கியவர்களிடம் எழுதிக் கேட்டு, கேட்பவருக்கான குறிப்பில் தெளிவாக எழுதிவைப்பது நல்லது.

இன்னொன்று: யார் வாசிக்கிறார்கள்? மூலம் நோயாளி தானே நிரப்புவதற்காகச் செய்தது. படிக்கத் தெரியாதவருக்கும், விரல் இறுகிப் பேனா பிடிக்க முடியாதவருக்கும் நாம் வாசித்துக் காட்டுகிறோம். பக்கத்தில் மகனோ மருமகளோ உட்கார்ந்திருந்தால் சில பதில்கள் மாறும். வாசித்துக் கேட்டுச் சரிபார்த்த வடிவமும் தானே நிரப்பிச் சரிபார்த்த வடிவமும் ஒன்றல்ல. எப்படிப் பயன்படுத்தப் போகிறீர்களோ அப்படித்தான் சோதிக்க வேண்டும்.

எண்களை வைத்துச் சோதிப்பது

இனி 100 பேருக்குக் குறையாமல் நோயாளிகள் வேண்டும். சோதனைகள் பல, ஒவ்வொன்றும் வேறு கேள்விக்கு விடை சொல்கிறது.

க்ரான்பாக் ஆல்ஃபா எல்லாக் கட்டுரையிலும் இருக்கும். 1951-ல் லீ க்ரான்பாக் எழுதிய கட்டுரையால் பரவிய அளவு. ஏழு பிரிவுகளும் ஒரே விஷயத்தைச் சேர்ந்து அளக்கின்றனவா என்று காட்டும். 0.70-க்கு மேல் இருந்தால் சரி என்பது வழக்கம். 1989-ன் மூல ஆய்வில் 0.83. தூக்க மாத்திரை அதிகம் போடாத மக்களிடம் அந்தப் பிரிவு எல்லோருக்கும் 0 ஆகி, ஆல்ஃபாவைக் கீழே இழுக்கும். அதை நீக்கிவிட்டால் எண் அழகாகிவிடும் என்ற ஆசை வரும். வேண்டாம். நீக்கினால் மற்ற ஆய்வுகளோடு ஒப்பிட முடியாத வேறொரு கேள்வித்தாள் ஆகிவிடும். ஏழும் ஒரே கூட்டுத்தொகையாகச் சேரத் தகுதியானவைதானா என்று காரணிப் பகுப்பாய்வு (எந்தப் பிரிவுகள் ஒன்றாகக் கூடி நிற்கின்றன என்று பார்க்கும் கணக்கு) செய்து பார்க்கலாம். இதில் வெவ்வேறு ஆய்வுகளுக்கு ஒன்று, இரண்டு, மூன்று காரணிகள் என வெவ்வேறு விடைகள் கிடைத்திருக்கின்றன.

அடுத்தது, மறுபடி கேட்டால் அதே விடை வருகிறதா என்பது. ஒன்றிரண்டு வாரம் கழித்து அதே நபரிடம் கேட்பார்கள். மூட்டுவாதத்தில் இங்கேதான் சிக்கல். பத்து நாளில் நோய் திடீரென்று சீறலாம், மருந்து மாறலாம். தூக்கம் உண்மையிலேயே மாறியவரைச் சேர்த்துக்கொண்டு கேள்வித்தாள் நிலையாக இல்லை என்றால் அது அநியாயம். மருந்து மாறாதவர்கள், 'போன முறை கேட்டதற்கு இப்போது தூக்கம் அப்படியேதான் இருக்கிறது' என்று தாங்களே சொல்கிறவர்கள் ஆகியோரை மட்டும் இந்தக் கணக்கில் எடுக்க வேண்டும். கணக்கிட வேண்டியது ஐ.சி.சி., அதாவது இரண்டு முறையும் வந்த மதிப்பெண்கள் அப்படியே ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் வகை; சாதாரணத் தொடர்புக் கெழு போதாது. எல்லோருக்கும் இரண்டாம் முறை 3 மதிப்பெண் கூடினாலும் தொடர்புக் கெழு 1 என்றுதான் வரும், ஐ.சி.சி. அந்த நழுவலைக் காட்டிக்கொடுக்கும்.

இதிலிருந்து வெளிநோயாளிப் பிரிவில் உடனே பயன்படும் ஓர் எண் கிடைக்கிறது. பல கட்டுரைகள் அதைத் தருவதே இல்லை. கற்பனையாக, மதிப்பெண்களின் திட்ட விலக்கம் 4, ஐ.சி.சி. 0.84 என்று வைப்போம். 1-லிருந்து 0.84 போக மிச்சம் 0.16, அதன் வர்க்கமூலம் 0.4, 4-ஆல் பெருக்கினால் 1.6. இது அளவீட்டுப் பிழை. இரண்டு முறை அளப்பதையும் 95 சதவீத உறுதியையும் கணக்கில் கொண்டு இதை 2.77-ஆல் பெருக்கினால் 4.4. ஒரு நோயாளியின் மதிப்பெண் 11-லிருந்து 8 ஆனால் அது உண்மையான முன்னேற்றம் என்று நம்பிச் சொல்ல முடியாது. 4.4-க்கு மேல் மாறினால்தான் சொல்லலாம். 0.84 நல்ல ஐ.சி.சி.; அதற்கே இந்த நிலை. நூறு பேரின் சராசரியை ஒப்பிடும் ஆய்வில் இந்தப் பிழை பத்தில் ஒன்றாகச் சுருங்கிவிடும். ஆய்வுக்கு உதவும் கருவி தனிநபர் சிகிச்சைக்கும் உதவும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது இதனால்தான்.

இப்போது மையமான சோதனைக்கு வருவோம்: அளப்பது தூக்கத்தைத்தானா? தூக்கத் தரத்துக்கு, மற்றதையெல்லாம் ஒப்பிட்டுப் பார்க்கப் பொன் அளவுகோல் போன்ற ஒரு கருவி இல்லை. இரவு முழுக்க மூளை அலைகளைப் பதியும் பாலிசோம்னோகிராஃபி இருக்கிறது. ஆனால் அது காட்டுவதும் மனிதர் காலையில் உணர்வதும் பல சமயம் பொருந்துவதில்லை. அதனால் சுற்றி வளைத்துத்தான் நிரூபிக்க வேண்டும். தரவைப் பார்ப்பதற்கு முன்பே எதிர்பார்ப்புகளை எழுதிவைக்கிறோம். இன்னொரு தூக்கக் கேள்வித்தாளான சார்ல்ஸ் மோரினின் 7 கேள்வித் தூக்கமின்மை அளவையோடு வலுவான தொடர்பு வரும், 0.6 அளவுக்கு. களைப்போடும் வலியோடும் நடுத்தரமாக வரும். மூட்டுகளை எண்ணிப் பார்க்கும் டாஸ்-28 நோய்த்தீவிர அளவையோடு அதைவிடக் குறைவு. அழற்சியை அறிய இரத்தத்தில் பார்க்கும் இ.எஸ்.ஆரோடு இன்னும் குறைவு. உடல் முழுக்க வலியும் களைப்பும் தரும் ஃபைப்ரோமயால்ஜியாவும் சேர்ந்து உள்ளவர்களுக்கு மதிப்பெண் கூடுதலாக இருக்கும். அளவீட்டு ஆய்வுகளின் தரத்துக்கென காஸ்மின் என்ற சர்வதேசக் குழு வகுத்த நெறியின்படி, இப்படி எழுதிய எதிர்பார்ப்புகளில் 75 சதவீதமாவது பலிக்க வேண்டும்.

பலிக்காவிட்டால் என்ன என்பதுதான் சுவாரஸ்யம். மற்றத் தூக்க அளவையோடு 0.4, வலியோடு 0.7 என்று வந்தால் கையில் இருப்பது வேறு பெயரில் ஒரு வலிக் கேள்வித்தாள். அதை 'வலிக்கும் தூக்கத்துக்கும் வலுவான தொடர்பு கண்டோம்' என்று கண்டுபிடிப்பாக எழுதிவிடும் ஆபத்து உண்டு. நான் ஒரு யோசனை சொல்வேன்: மதிப்பெண் முறையைத் தொடாமல், தனித் தாளில் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கண் விழித்தது எத்தனை மணிக்கு? இறுக்கம் தளர எவ்வளவு நேரம் ஆனது? இவை இருந்தால் படுக்கையில் வீணான நேரம் தூக்கக் குறைவால் வந்ததா, மூட்டால் வந்ததா என்று பிரித்துப் பார்க்கலாம்.

சிகிச்சை தொடங்கித் தூக்கம் தேறியவர்களிடம் மதிப்பெண்ணும் இறங்குகிறதா என்பது கடைசிச் சோதனை. மூன்று மாதமாவது பின்தொடர வேண்டும். அதனாலேயே பலர் இதை விட்டுவிடுகிறார்கள். மருந்துச் சோதனைகளில் பயன்படுத்தப் போகிற கேள்வித்தாளுக்கு இதை விடவே கூடாது.

எல்லாம் நன்றாக முடிந்தாலும் 5 என்ற எல்லைக்கோட்டை அப்படியே எடுத்துக்கொள்ள உரிமை வந்துவிடாது. பல நாடுகளில் முடக்குவாத நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் 5-ஐத் தாண்டுகிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் தூக்கமின்மை நோய் என்று எழுதினால், சிலருக்குத் தேவையில்லாத தூக்க மாத்திரையும், சிலருக்குத் தேவைப்பட்ட மூட்டு சிகிச்சை தள்ளிப்போவதும் நடக்கும். இந்த நோயாளிகளுக்கான எல்லையைக் கண்டுபிடிக்க, தூக்க மருத்துவர் நேரில் பேசிச் செய்த நோயறிதலோடு ஒப்பிடும் தனி ஆய்வு தேவை. அதுவரை 'தூக்கம் கெட்டவர்கள் இத்தனை சதவீதம்' என்று எழுதுவதை விட்டு, மொத்த மதிப்பெண்ணின் பரவலையும் ஏழு பிரிவுகளையும் தனித்தனியாக அட்டவணையில் கொடுங்கள்.